குறைந்தது ஒருமுறை

போலுங்கார்விக் துறைமுகத்தில் பிப்ரவரி.
விடியவே பத்து மணி. ஒரு மணிக்கு மீன் ஏலம்.

அதுவரை எங்களிடம் இருந்தது
ஒரே ஒரு நிரல், நாலாயிரம் வரி.
கௌட்டி எழுதினான், எழுதிவிட்டுக் கப்பலேறிவிட்டான்.
தராசு எடை சொல்லும்,
உலாவியில் விலை இறங்கும்,
கிரிம்ஸ்பியில் யாரோ பொத்தானைத் தட்டுவார்கள்.
அவ்வளவுதான் வியாபாரம்.

எங்கள் மேலாளர் யோருன் தலைநகரம் போய்
ஓட்டல் விருந்தில் ஆட்டிறைச்சி தின்றுவிட்டு
மிடில்வேரோடு திரும்பினாள்.
"எட்டுத் துறைமுகம் சேரப்போகிறது,
நடுவில் ஒரு தரகன் வேண்டும்."
மீன் விற்கிற ஊரில்
தரகன் என்றால் யாருக்குப் புரியாது?

ஏழு குறுந்தட்டு, தொள்ளாயிரம் பக்கக் கையேடு,
புரோசஸருக்கு இவ்வளவு என்று ஒரு விலைப்பட்டியல்.
எங்கள் சர்வரில் நாலு புரோசஸர்.
யானையை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்கு என்ன பேரம்?

ஒரு வெற்றுப் பக்கத்தில் 'வணக்கம்' காட்ட
பதினோரு கோப்பு எழுதினேன்.
பன்னிரண்டாவதில் ஒரு கோணக்குறியை மூடவில்லை.
இரண்டு நாள் போயிற்று.
பிழைச்செய்தி நூற்று நாற்பது வரி.
என் தவறு கடைசிக்கு முந்திய வரியில்,
வேறு யாரையோ திட்டுவதுபோல.

மார்ச் ஒன்பது. புயல்.
மலையடியில் இணைப்பு அறுந்து, ஒட்டி,
மறுபடி அறுந்தது.
தராசு செய்தி அனுப்பியது.
தரகன் வாங்கினான், விற்றான்,
'கிடைத்தது' என்று திருப்பிச் சொன்ன ஒரு சொல் மட்டும்
வழியில் விழுந்துவிட்டது.
பதில் வராத தராசு
மறுபடி அனுப்பியது.

அறுநூற்று நாற்பது கிலோ காட் மீன்
கிரிம்ஸ்பிக்கு ஒருமுறை,
பிரான்சுக்கு ஒருமுறை.
இரண்டு பேரும் பணம் கட்டிவிட்டார்கள்.

படகுக்காரர் ஓர்லிகுர்
கையுறையைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.
என் விசைப்பலகைமேல் செதில் விழுந்தது.
"நான் ஒரு தடவைதானே பிடித்தேன்?"

கையேட்டில் இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
செய்தி குறைந்தது ஒருமுறை கொண்டுசேர்க்கப்படும்.
'குறைந்தது' என்பதைப்
பெருமை பேசுகிறார்கள் என்றே படித்திருந்தேன்.
எச்சரித்திருக்கிறார்கள்.

பெட்டிக்கு ஓர் எண் கொடுத்தோம்.
பார்த்த எண் மறுபடி வந்தால்
'கிடைத்தது' என்று மட்டும் சொல்லி, சும்மா இரு.
எட்டு வரி.
அந்த எட்டு வரியைத் தரகன் விற்பதில்லை,
நாமேதான் எழுதவேண்டும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு,
தரகனின் பின்கட்டைத் திறந்தேன்.
யாருக்கும் புரியாத செய்திகளை
அவன் எறிவதில்லை,
ஓர் ஓரமாக அடுக்கிவைக்கிறான்.
நானூற்றுப் பன்னிரண்டு.
பெரும்பாலும் பக்கத்து ஊர்த் தராசு அனுப்பியவை:
புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி.
பன்னிரண்டரைக் கிலோ ஹாலிபட்
இரண்டு மாதமாக
எண்ணே இல்லை என்று உட்கார்ந்திருந்தது.

அவற்றுக்கு நடுவே, நம் தராசிலிருந்து,
முப்பத்தொரு தடவை, ஒரே வாசகம்:
"சோதனை. மீன் இல்லை. பசிக்கிறது."

கௌட்டி!
மின்சாரம் போய்த் தராசு விழிக்கும்போதெல்லாம்
அவன் பசி கிளம்பி வந்திருக்கிறது.
பழைய நிரல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது,
அதையும் அவன்தான் எழுதியிருந்தான்.

யோருன் சிரிக்கவில்லை.
முப்பத்தொன்றையும் தேதிவாரியாக அச்செடுத்து
மின் கம்பெனிக்கு அனுப்பினாள்:
இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு மின்சாரம்
போன தடவைகள் இத்தனை.
ஜூனில் புதிய கம்பி வந்தது.

தரகன் கொடுத்த காசுக்குத் தேறினானா என்று
ஓர்லிகுர் எப்போதாவது கேட்பார்.
பாதி, என்பேன்.
எந்தப் பாதி என்பது
புயலைப் பொறுத்தது.

கௌட்டியின் வரியை இன்னும் அழிக்கவில்லை.
அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன்.