வெள்ளைப் பின்னணி

விசா படத்துக்குச் சட்டம் எளிது:
வெள்ளைப் பின்னணி, காது ரெண்டும் தெரியணும்,
சிரிக்கக் கூடாது.
மனாமாவில், குதைபியாச் சந்தில்,
தையல்கடைக்கும் கார்கோ ஆபீசுக்கும் நடுவில்
பதினோரு வருஷமாய் இதைத்தான் சொல்கிறேன்
நாலு மொழியில்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சவரிமுத்து வந்தார்.
சாரம் கட்டுகிறவர். சல்மாபாத் கேம்ப்.
உள்ளங்கையில் குழாய்த் துரு,
இமையோரம் நேற்றைய மை.
சோப்புக்குப் போகாது அது,
தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கணும்.
கேம்பில் எண்ணெய் பாட்டில் பொது.
எடுத்தால் எதற்கென்று கேட்பார்கள்.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிருங்க" என்றார்.
அழித்தேன்.
ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து நாற்பது விநாடி.
திரையில் மிஞ்சியவர்
யாரோ ஒருவருடைய தம்பி போலிருந்தார்.
"ஆங், இவன்தான்" என்றார் சவரிமுத்து.
"இவன் பேர்லதான் சம்பளம் வருது."
கதவைத் திறந்தவர் திரும்பி நின்று,
"அழிக்காதது இருக்கா?"
இருந்தது.
அப்படித்தான் பழக்கம்.

பிறகு வியாழன்தோறும் கேமராவோடு போனேன்.
எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன்.
ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள்,
கேட்டால் வெயிலுக்கு.
ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
ரோமெல் எல்லாருக்கும் உதட்டு வரம்பு போடுவார்,
பகலில் அத்லியாவில் முடிவெட்டுகிற அதே விரலால்.
கணக்கெழுதும் ஃபசீல்
சாக்ஸில் பொன்னி அரிசி நிரப்பி
நெஞ்சில் செருகிக்கொள்வார்.
"ஆட்டம் முடிஞ்சா வடிச்சிரலாம்."

சவரிமுத்து மேகலை ஆக ஒன்றரை மணி நேரம்.
பொட்டு கடைசியில்.
அதை வைத்ததும் தோள் தானாக இறங்கும்,
பலகைக் கட்டைத் தரையில் போட்ட மாதிரி.

முகம் வேண்டாம் என்று முதல் நாளே பேச்சு.
வேலை இருக்கிறது, ஊரில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது,
பிடித்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்,
அது நல்லபடியாக முடிந்தால்.
எனவே பிடரியில் கொண்டை ஊசி எடுத்தேன்.
வளையல் ஏற மறுத்த முட்டியை எடுத்தேன்,
வாளித் தண்ணீரில் தெரிந்த பட்டுக்கரையை.
பதினேழு படம். ஒன்றிலும் ஆளில்லை.
ஆளைக் காட்டாமல் ஆளைச் சொல்கிறேன் என்று
எனக்குக் கொஞ்ச நாள் பெருமைகூட.

மேகலை ஒவ்வொன்றாய்ப் புரட்டினார்.
"கையி. கழுத்து. காலு.
என்னங்க இது, கறிக்கடையா?"

நான் பேசவில்லை.

"முகத்த எடுங்க.
யாருக்கும் காட்ட வேண்டாம்.
எடுத்தா போதும்."

அந்த வீட்டில் மறைக்காத சுவர் ஒன்றுதான்,
அதுவும் வெள்ளை.
நின்றார். காது ரெண்டும் தெரிந்தது, ஜிமிக்கியோடு.
பழக்கதோஷம், "சிரிக்காதீங்க" என்றேன்.
அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த வாரம் பிரதி கொண்டுபோனேன்.
முதுகில் ஒரு வரி எழுதணும் என் வழக்கப்படி,
யார், எப்போது.
'வந்தான்' என்றால் பேரேட்டுக்காரன் வந்து நிற்கிறான்.
'வந்தாள்' என்றால் ரோமெல் கைதட்டுவார்,
காலையில் ஆறாவது மாடியில் ஏறுவது அப்போது யார்?
'வந்தார்' என்றால் மேனேஜர் வந்த மாதிரி
(இவ்வளவு நேரம் நான் எழுதுவது அதைத்தான்,
வேறு தெரியாமல்).
பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

மேகலை அதைப் பிடுங்கிக்கொண்டார்.
ஸ்பானர் பிடிக்கிற பிடியில் பிடித்து,
ஆணா பெண்ணா என்று நம் மொழி கேட்காத
இடமாய்ப் பார்த்து ஏறி நின்று
எழுதினார்:
நான் வந்தேன்.

தேதி போட மறந்துவிட்டோம்.
மணி மூன்றரை. ஐந்துக்கு கேம்ப் வாசலில் ஆள் எண்ணுவார்கள்.
துடைக்கத் துணி தேடினார்.
கேமராப் பையில், லென்சுக்குப் பக்கத்தில்,
சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தேன்.
மூடி இறுகியிருந்தது.
அவர்தான் திறந்தார்.