சரக்குக்குத் தடையில்லை

கந்தூத்தில் நெடுஞ்சாலையை
ஆரஞ்சுக் கூம்புகளால் இரண்டாக்கி வைத்திருந்தார்கள்.
இந்தப் பக்கம் துபாய். அந்தப் பக்கம் அபுதாபி.
மணலுக்கு மட்டும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை,
அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் பறந்துகொண்டிருந்தது.

என் வண்டியில் நாலு டன் தக்காளி.
வழிவிட்டார்கள்.
பக்கத்துத் தடத்தில் கார்கள், கார்கள்,
மூக்கில் குச்சிவிட்ட சான்றிதழைப்
போனில் தேடும் கட்டைவிரல்கள்.

தவசிமுத்து சொன்னான்:
"இந்த நாட்டு அரசியலமைப்பை எடுத்துப் படித்தேன்டா.
ஏழு அமீரகத்துக்கும் நடுவே
சரக்குக்குத் தடை கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது.
ஆள் நடமாடலாம் என்றும் இருக்கிறது,
அது குடிமக்களுக்கு.
நீயும் நானும் எதில் வருவோம், சொல்."
சரக்கில், என்றேன்.
சிரித்தான்.
அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

மதுரைச் சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம்,
இரண்டு அரியர், அக்கா கல்யாணக் கடன்,
ஜெபல் அலியில் ஸ்டோர் கீப்பர்.
நட்டும் போல்ட்டும் எண்ணுகிற ஆள்
நாலாவது மாதமாகச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
"ஊரில் மாவட்டத்துக்கு மாவட்டம் இ-பாஸ்.
அங்கேயாவது, நாடு முழுக்கப் போகலாம் என்று எழுதி
'நியாயமான கட்டுப்பாடு' என்று கீழே ஒரு கொக்கி வைத்தார்கள்.
நியாயமா இல்லையா என்று கேட்க ஒரு படி ஏறலாம்.
இங்கே எந்தப் படி?"

அவன் ஜெசிந்தா முசாஃபாவில் நர்ஸ்.
தொண்ணூறு கிலோமீட்டர்.
ஸ்பீக்கரில் போட்டான், என் வண்டியில் வைத்தே.

"பூட்டட்டும்" என்றாள்.
"நேற்று ராத்திரி மூன்று பேர்.
ஒருத்தர் காதில் நான்தான் போனைப் பிடித்திருந்தேன்.
அந்தப் பக்கம் அவர் மகளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை,
பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள்.
பதினாறு பன்னிரண்டு வரைக்கும் இருந்தார்.
நீ சட்டம் பேசாதே. வராதே."

"நீ வராதே என்றால் வரவில்லை.
பூட்டியதைத் தப்பென்று சொல்லவில்லை ஜெசி.
யார் பூட்டியது, எந்த வரியை வைத்து, எதுவரைக்கும்.
இந்த மூன்றுதான் கேட்கிறேன்."

அவள் பக்கம் ஏதோ ஒரு கருவி
நிதானமாகக் கூவிக்கொண்டிருந்தது.
"எதுவரைக்கும் என்று
இங்கே எல்லாரும்தான் கேட்கிறார்கள்" என்றாள்.
வைத்துவிட்டாள்.

என் பழைய டெலிவரி நோட்டின் முதுகில்
மனு எழுதினான்.
மனுதாரர்: ச. தவசிமுத்து.
எதிர்மனுதாரர் என்ற இடத்தில் பேனா நின்றது,
ஒரு புள்ளி நீலமாக ஊறிப் பெரிதாகி
அந்தப் பக்கத்து வெங்காயக் கணக்கில் தெரிந்தது.
மடித்து என் தலைக்கு மேல் வெயில் மறைப்பில் செருகினான்.
கூடவே ஒரு சின்ன பாட்டில்.
முகக்கவச நாடா அறுத்து அறுத்து
அவள் காதுக்குப் பின்னால் புண்ணாம்.
தேங்காய் எண்ணெய்.

சோதனைச் சாவடியில் தார்ப்பாயைத் தூக்கினார்கள்.
கையுறைக்காரர் ஒரு தக்காளியை எடுத்து
அமுக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.
வேறு ஏதாவது?
வேறொன்றுமில்லை, என்றேன்.
பதினேழாவது கூடையில் எண்ணெய் போயிற்று,
சட்டப்படிதான் போயிற்று என்று நினைக்கிறேன்,
அதுவும் சரக்குதானே.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வாங்கிக்கொண்டாள்.
ஆறடி தள்ளி நின்று, தரையில் வைக்கச் சொல்லி.
கண் மட்டும் தெரிந்தது.
"அவன் மெலிந்துவிட்டானா?"
தெரியவில்லை, என்றேன்.
எனக்கு நிஜமாகவே தெரியவில்லை,
தினம் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

கூம்புகளை எடுத்தது ஒரு வருஷம் கழித்து.
யாரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை,
எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.
தவசிமுத்து முன்சீட்டில் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.
கந்தூத் வந்ததும்,
"நிறுத்துடா, கோடு எங்கே இருந்ததென்று
ஒரு தடவை இறங்கிப் பார்க்கிறேன்" என்றான்.
இங்கே நிறுத்தக் கூடாது,
கேமரா இருக்கிறது, ஆயிரம் திர்ஹாம் அபராதம், என்றேன்.

"எந்தப் பிரிவு?" என்றான்.

வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது.