ஆறும்

வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
நேற்றிரவுச் சண்டை இன்னும் சமையலறையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது.

எதிரே லூக். கையில் தமிழ்ச் செயலி.
ஒரு சொல்லைத் தட்டினால்
அது எதனோடெல்லாம் குடித்தனம் நடத்துகிறது
என்று காட்டும்.

போன வாரம் அவனைப் படுத்தியது ‘அடிக்கும்’:
வெயில் அடிக்கும், போன் அடிக்கும்,
காய்ச்சல் அடிக்கும், அதிர்ஷ்டமும் அடிக்கும்.
“உங்கள் மொழியில் எதுதான் அடிக்காது?” என்றான்.
“நான்” என்றேன்.
சிரித்தோம், அப்போது.

இன்று ‘ஆறும்’.
உதடசைய வாசிக்கிறான்:
புண் ஆறும். பசி ஆறும்.
கோபம் ஆறும்,
இருபத்தேழு எடுத்துக்காட்டுகள்.

இருபத்தேழையும் படித்தானோ என்னவோ,
வெகுநேரம் கழித்துக்
கோப்பையை என் பக்கம் நகர்த்தி
றகரத்தில் தடுக்கி,
“காபி ஆறுது” என்கிறான்.

ஆறவிடாமல் குடிக்கிறேன்.