காடியும் மையும்

முதலில் வேர்களைப் பொட்டாஷில் வேகவைக்க வேண்டும்.
பிறகு வெள்ளைக் காடியில் கலந்த பேனா மை,
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் அதே மைதான்.
ஆய்வுக்கூடம் முழுக்க ஊறுகாய் வாடை என்று
லோயிக் வந்து ஜன்னலைத் திறப்பான்.
நார்மண்டி மழை உள்ளே வரும்.

பூஞ்சை நீலம் பிடிக்கும், வேர் பிடிக்காது.
உருப்பெருக்கியின் அடியில் கோடு கோடாக எண்ணுகிறேன்:
இழை, இழை, ஒன்றுமில்லை,
செல்லுக்குள் ஒரு குட்டி மரம்,
ஒன்றுமில்லை.

இந்த லீக்ஸ் கடற்கரை மணலில் விளைந்தது.
அர்மெல் லெகூவே பழைய வேனில் கொண்டுவந்து தருகிறாள்,
நகக்கண்ணெல்லாம் மணலோடு.
மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கி இறைத்த பூஞ்சை
அவள் வேர்களில் ஏன் ஏறவில்லை என்று
அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சுவர்தான் தடை என்று நினைத்தேன்.
செல்லுலோஸ் கழிகள்,
குறுக்கே இழுத்துக் கட்டிய சர்க்கரைக் கயிறுகள்,
இடுக்கெல்லாம் பெக்டின் —
அவள் ஆப்பிள் ஜெல்லியை உறையவைக்கிற அதே பசை.
மற்றப் பூஞ்சைகள் அரிவாளும் கோடரியுமாக வரும்.
இது ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்கிறது.
பாவமாக இருந்தது.
புட்டியிலிருந்து நொதியை எடுத்து
ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு ஊற்றினேன்.

நாற்பது நாள்.
எண்ணினேன், குறைந்திருந்தது.
மறுபடி எண்ணினேன்.

அறுபட்ட பெக்டின் துண்டுகள்
திருடன் திருடன் என்று கத்தியிருக்க வேண்டும்.
நான் உதவிய இடமெல்லாம் சுவர் தடித்திருந்தது.

ஊற்றாத தொட்டிகளில்
இழை வெளியே படுத்துக் கிடக்க,
வேர் தன் சொந்த நொதியால்
தன் சுவரைத் தானே தளர்த்தியிருந்தது,
ஓர் இழை நுழையும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை.
அந்தத் தொட்டிகளுக்கு நான் உரம் போடவில்லை.
பசித்த வேர்.

பாஸ்பேட் எவ்வளவு போடுகிறாய் என்று அர்மெலிடம் கேட்டேன்.
கூட்டுறவுக்காரன் சொன்ன அளவு, என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
அதைவிடக் கொஞ்சம் கூட.
வேனின் பின்கதவைச் சாத்தினாள், சாத்தவில்லை.
இரண்டு தரம் உதைத்தாள்.

போகிற போக்கில் ஒரு கட்டு லீக்ஸ்
என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
இரவு வெண்ணெயில் வதக்கினேன், மூடி போட்டு, சிறு தீயில்.
குழைய நேரமாயிற்று.
நான் கிளறவில்லை.
விரல் நுனிகள் இன்னும் நீலம்.