நேரலையில் ஒருவர்

சனிக்கிழமை இரவு.
பிரசங்கக் குறிப்பு பாதியில் நிற்கிறது.
உப்பனாற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில்
கருவாடு, டீசல், பெயர் தெரியாத ஒரு ரசாயனம்.
கடலூர் முதுநகருக்கு வந்து ஒன்பது வருஷம்.
காற்று திரும்பினால் இப்போதெல்லாம்
மழை வருமா என்று யோசிப்பதில்லை,
ஜன்னலைச் சாத்தலாமா என்றுதான்.

போன வருஷம் வாலிபர் சங்கம் ஒரு கேமரா வாங்கியது.
"ஜனங்க அங்கதான் இருக்காங்க ஐயா" என்றாள் பியூலா.
அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை.
வலையை வலதுபுறம் போடச் சொன்னவரின்
வேலைக்காரன் நான்.

பக்கத்துத் தெருச் சபையில்
சுவரே திரையாகிவிட்டது, புகை வருகிறது,
போதகரின் படம் சிலுவையைவிடப் பெரிது.
இதை நான் பொறாமையால் சொல்லவில்லை
என்று எழுதினேன்.
பிறகு அந்த வரியை அடித்தேன்.

திருவிருந்துக்கு முந்தின பாட்டில் ஒரு ஞாயிறு
திரையை எட்டிப் பார்த்தேன்.
பார்ப்பவர்: 1.

யாரோ ஒரு மகன் என்று நினைத்தேன்.
ஷார்ஜாவில் ஆறு பேர் படுக்கும் அறை,
ராத்திரி ஷிப்ட் முடிந்து
ஷூவைக்கூடக் கழற்றாமல் கிடக்கிறான்.
பெஞ்சில் இருந்த நாற்பத்திரண்டு பேரை விட்டுவிட்டு
அவனிடம் பேசினேன்.
குரல் கம்மியது. ஞானாபரணம் அம்மா
முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அங்கியைக் கழற்ற உள்ளே போனால்
மேசை மேல் என் போன்.
நான்தான் அந்த ஒருவர்.
அரை நிமிஷம் தாமதமாக
என் குரல் எனக்கு வந்து சேர்ந்தது:
"மனந்திரும்பு, மகனே."

இதை பியூலாவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் கார்த்திகையில் புயல்.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
நேரலை அறுந்துவிடக் கூடாதென்று வாங்கிய ஜெனரேட்டர்
கோயில் பின்கட்டில் உறுமியது.
சோனங்குப்பம் வரை சேதி போய்விட்டது:
"சர்ச்சுல பவர் இருக்காம்."
எத்தனை உபவாச ஜெபம் வைத்திருப்போம்
இந்த ஒரு வார்த்தையை
ஊர் சொல்லிக் கேட்க!

வந்தார்கள். சுமைதூக்குகிறவர்கள்,
மதரசாப் பிள்ளைகள் இரண்டு பேர்,
கழுத்தில் மாலை போட்ட ஐயப்ப பக்தர் ஒருவர்
வாசலில் செருப்பை விட்டுவிட்டு.
பீடத்தின் கிராதி நெடுக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.
மீன்கூடைக்காரி கலியம்மா
நனையாமல் பாலிதீனில் சுற்றி
மூன்று போன் கொண்டுவந்தாள்.

"ஃபாதர், இதுக்கு எவ்ளோ?"

நான் ஃபாதர் இல்லை, ஆயர் என்று திருத்தவில்லை.
ஒன்பது வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட
நேரான இறையியல் கேள்வி அது.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.
அவள் நம்பவில்லை.
"இன்னிக்கு வேணாம்பீங்க,
அப்புறம் ஏதாச்சும் கேட்டு வருவீங்க."
வரமாட்டேன் என்றேன்.
சொல்லும்போதே எனக்குள்
ஒரு பழைய கமிட்டி தொண்டையைச் செருமியது.

அதற்குள் ஒரு போனுக்கு உயிர் வந்து மணி அடித்தது.
பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று
"எங்கடா கெடக்குற, சோறு தின்னியா?"
என்று கத்தினாள். காது கேட்காதவனிடம்போல
மூன்று தடவை.
யாரும் அவளை உஷ் என்று அடக்கவில்லை.

பொருளாளர் டேவிட் தங்கையா
டீசல் கணக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
ஊழியம் என்று எழுதினால்
எந்தத் தலைப்பில் என்கிறார்.
ரசீது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது,
எந்த அதிகாரத்தில் என்று நினைவில்லை.

பிரசங்கம் அதே பாதியில்.
கலியம்மா மறந்துவிட்டுப் போன சார்ஜர்
ஆறு வாரமாக மேசை இழுப்பறையில்.
கொண்டுபோய்க் கொடுக்கலாம்,
துறைமுகம் தாண்டினால் அவள் வீடு.
போனால்,
"பாத்தியா, வந்துட்டாரு" என்பாள்.