வியாழக்கிழமைக்கு ரசீது இல்லை

நாலாயிரத்து எண்ணூறு டாலர்.
ஜீப்புக்கு நாலு சக்கரம் வாங்கலாம்,
ஜீப் வாங்க முடியாது என்று
அலுவலகத்தில் சிரித்தார்கள்.
நான் மாவட்டச் சுகாதாரக் கணக்கன்.
சிரிப்பைப் பற்று வைக்க ஏட்டில் பத்தி இல்லை.

ஊசி வேலை செய்யும் என்பது
எங்கோ, எப்போதோ, பெரிய பணத்தில் நிரூபித்தது.
செவிலி கசோன்டே கேட்டது சின்னக் கேள்வி:
பாங்வேலு சதுப்பின் அக்கரையில்
தட்டம்மை இரண்டாம் ஊசிக்கு
ஏன் ஆள் வருவதில்லை?

அறியாமை என்றது மாகாணம்.
சோம்பல் என்றது மாவட்டம்,
அதாவது நாங்கள்.
வானொலி நாடகத்துக்குத் தொள்ளாயிரம் டாலர்
விண்ணப்பத்திலேயே ஒதுக்கிவைத்தோம்.

கசோன்டே நாடகம் போடவில்லை.
கறையான் தின்றது போக மிஞ்சிய
பழைய பதிவேடுகளை விரித்து வைத்தாள்.
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி:
மழை கொட்டும், கோரை வழியை மூடும்,
தோணிக்குத் திசை தெரியாது.
அந்த மூன்று மாதம்தான்
பக்கம் கொள்ளாமல் பெயர்கள்.
மார்ச் பிறந்து வழி தெளிந்தால்
தாள் வெள்ளை.

அந்த மூன்று மாதம் மீன்பிடிக்கத் தடை.
இதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவோம்.
அறிந்தும்
இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

படகுக்கூலி ரசீதில் கைரேகை அழிந்திருக்கிறது,
செல்லாது என்றது தணிக்கை.
தோணிக்காரன் சோலாவின் விரல் என்றைக்குக் காய்ந்தது?
நேரில் சரிபார்க்கப் போனேன்,
பத்தொன்பது வருட வேலையில் முதல்தடவையாக
அந்தத் தண்ணீரைத் தாண்டி.

மீன்கூடைக்கு இலை மூடிக்கொண்டே,
நிமிராமல், கபாசோவின் அம்மா சொன்னாள்:
"வியாழன் லாரி வரும் நாள்.
வரிசையை விட்டால் மீன் போச்சு.
ஊசி அடுத்த வாரமும் உண்டு,
மீனுக்கு அடுத்த வாரம் ஏது?"

அடுத்த வாரமும் ஊசி வியாழன்தான்.

இதை முன்னால் யாரும் கேட்கவில்லையா என்றேன்.
"கேட்டார்கள். பதிலுக்கு நாலு கட்டம் காட்டினார்கள்.
நாலிலும் லாரி இல்லை."

வியாழனை மாற்ற முடியவில்லை.
குளிர்பெட்டி புதன் மாலைப் படகில்தான் வரும்,
ஐஸ் அதற்குமேல் தாங்காது.
ஆகவே மேசையை மாற்றினோம்.
இரண்டு பேர் தூக்கி
துறையில், லாரி நிழலில் போட்டார்கள்.
கூலி: வறுத்த வேர்க்கடலை, ஒரு பொட்டலம்.
ரசீது இல்லை.
முதல் வியாழன் முப்பத்தொரு பிள்ளைகள்.
ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி அவள் கூடையைக் காலால் நகர்த்தினாள்.
ஊசி அட்டைகளில் செதில் ஒட்டியிருந்தது.
சுரண்டாமல் அப்படியே கோப்பில் வைத்திருக்கிறேன்.

இறுதி அறிக்கையில் 'செய்த மாற்றம்' என்ற இடத்தில்
"மேசையை நகர்த்தினோம்" என்று எழுதினேன்.
விரிவாக எழுதவும் என்று பதில் வந்தது.
"நானூறு அடி" என்று சேர்த்தேன்.
நாடகத் தொகையைத் திருப்பி அனுப்பினேன்,
வங்கிக் கமிஷன் கழித்து.
சோலாவின் கூலியை
என் சட்டைப்பையில் எழுதிக்கொண்டேன்.

கபாசோவுக்கு இப்போது ஒன்பது வயது.
மூன்றில் தட்டம்மை.
அவன் பெயருக்கு எதிரே இரண்டாம் கட்டம்
காலியாக இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.
வியாழன்தோறும் மேசையருகே நிற்கிறான்,
அட்டைகள் பறக்காமல் கல் வைக்கிறான்.
லாரி துறைக்கு வரும்போது நீளமாக ஹாரன் அடிக்கும்.
எல்லோரும் திரும்புவார்கள்.
எல்லோரும் திரும்புவதைப் பார்த்து
அவனும் திரும்புவான்.