நொடிக் கணக்கு

ஆறு நிமிடம் ஓர் அலகு.
மணிக்குப் பத்து.
தும்மினாலும்
யார் கோப்பில் தும்மினேன் என்று
எழுதிவைக்க வேண்டிய பிழைப்பு.

போன வருஷம் வரை வீடுகள்தாம்.
பொங்கோல், பாசிர் ரிஸ், புக்கிட் பாத்தோக்.
வாசலில் அன்னாசி உருட்டிக் குடிபோனவர்கள்
மறக்காமல் எனக்கும்
ஒரு டப்பா அன்னாசித் தார்ட் அனுப்புவார்கள்.
தீபாவளிக்குள் பத்திரம் முடியுமா என்று
ராத்திரி பதினொன்றுக்கு அழைப்பார்கள்.
எரிச்சலாக இருக்கும்.
அந்த எரிச்சலுக்கு இப்போது ஏங்குகிறேன்.

ஒரு திங்கட்கிழமை மிஸ்டர் போ
கூட்ட அறையில் ஏசியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"வீட்டு வேலை அவ்வளவுதான். இனி நொடிப்பு."

நாற்பத்து மூன்று வயதில்
ஊட்ரம் பார்க் ரயிலில் நின்றபடி
நொடிப்புச் சட்டம் படித்தேன்.
தமிழில் நொடி என்றால் கண்ணிமைப் பொழுது.
நொடி என்றால் விடுகதை.
நொடித்துப்போனவர் என்றால்
காலையில் எட்டாவதாகக் காத்திருக்கும்
டைல்ஸ் கடைக்காரர்.
ஒரே சொல்லின் மூன்று அறைகள்.
மூன்றுக்கும் நான் வாடகை வசூலித்தேன்.

வாடகைச் செடிகளைச் செடிக்காரன்
வந்து தூக்கிப்போனான்.
தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கிறோம்.
ரொஹானி மூன்று பேருக்குத் தொலைபேசி எடுக்கிறாள்
மூன்று வேறு குரலில்.
ஹேவ்லாக் சதுக்க நீதிமன்றத் தாழ்வாரத்தில்
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் காதருகே வந்து,
"உங்க ஆளுகிட்டயும் காசில்லை, எங்க ஆளுகிட்டயும் இல்லை,
எதுக்குச் சண்டை?" என்கிறார்.
படித்ததெல்லாம் சண்டை போடத்தான்.
கோப்பி ஓ குடித்துச் சமரசமானோம்.
காசை அவரவரே கொடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில் ஃபெலிசியாவை நிறுத்தினார்கள்.
கடிதத்தை எழுதியது நான்.
ஒரு காற்புள்ளி தப்பியிருந்தது,
அவள்தான் காட்டினாள்.

பிறகு கலியமூர்த்தி வந்தார்.
நாலு லாரி வைத்திருந்தவர்.
பாசிர் ரிஸ் கூட்டுரிமை வீட்டை
நான்தான் அவருக்குப் பதிந்துகொடுத்தேன்.
அந்த வீட்டின் பேரில்
ஐந்தாவது லாரிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்.
கையில் கடிதம், நாலாக மடித்து:
இருபத்தொரு நாள், தவறினால் நடவடிக்கை.
"பயந்துட்டேம்மா. அப்புறம் பார்த்தா
உங்க ஆபீஸ் பேரு.
நம்ம இடந்தானேன்னு ஓடிவந்தேன்."

கடிதத்தின் வலது மூலையில்
கோப்பு எண்ணோடு ஒட்டி
என் பெயரின் முதலெழுத்துகள்.
அவர் அதைப் படிக்கவில்லை,
அல்லது படித்துவிட்டு
நான் சொல்லட்டும் என்று இருந்தார்.

சொன்னேன்.
வங்கி எங்கள் கட்சிக்காரர்.
உங்கள் கதையை நான் கேட்கக் கூடாது,
ஒரு வார்த்தை கூட,
கேட்டால் அது உங்களுக்கே ஆகாது.
அவர் தலையாட்டினார்,
டாக்டரிடம் ஆட்டுவதுபோல.
"வீடு நல்ல வீடும்மா. காத்து வரும்"
என்றார்.
அதையும் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

மின்தூக்கி வரை கூடப் போனேன்.
அது பதினாறாம் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது.
என் பெயரட்டையின் பின்பக்கம்
ஃபெலிசியாவின் எண்ணை எழுதிக்கொடுத்தேன்.
இதே பீப்பள்ஸ் பார்க் கட்டடத்தில்
இரண்டு மாடி கீழே
ஒரு மடக்கு மேசை, ஒரு மடிக்கணினி, கடன் வாங்கிய அச்சு இயந்திரம்.
எங்கள் கடிதத்துக்கு
எங்களைவிட நன்றாகப் பதில் எழுதுவாள்.
காற்புள்ளியோடு.

மாலையில் நேரத்தாள்.
நாலு பன்னிரண்டு முதல் நாலு முப்பத்தாறு வரை
ஒரு பள்ளம்.
நாலு அலகு.
நிரப்பாமல் கணினி விடாது,
சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கும்.
எந்தக் கோப்பு? வங்கியுடையதா, அவருடையதா?
"நூலக ஆய்வு" என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

எங்களுக்கு நூலகம் இல்லை.
அந்த அறையை ஜூனிலேயே
ஒரு கணக்காளருக்கு உள்வாடகைக்கு விட்டாயிற்று.